ஏழுக்கு நாலு

(நாமக்கல்லில் நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டமொன்றில் உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் மாறும்போது, அதை நம்பிக் குடியிருப்பவர்களின் உரிமை என்ன ஆகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் சர்வதேசச் சட்டத்தில் பெயர் எடுத்தவன் இல்லை. வரப்புத் தகராறு, வண்டித்தடத் தகராறு, பாகப்பிரிவினை, இவைதான் முப்பத்தைந்து வருஷமாக எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் இரண்டு சென்ட் வீட்டுமனையிலிருந்து தொடங்குகிறேன். மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். அக்கா தங்கை இரண்டு பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அக்காவுக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். அஞ்சு சென்ட் மனை, அதில் ஓட்டு வீடு. பட்டா, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் சுத்தமாக இருந்தன. மனையில் இரண்டு சென்ட்டைத் தங்கைக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். அரை நாள் வேலை. தங்கையின் அடையாளச் சான்றைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த முகாம் அட்டையை எடுத்து நீட்டினார். பரமத்தி இலங்கைத் தமிழர் முகாம்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இலங்கையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அக்கா 1979இல் இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார், இந்தியக் குடிமகளாக. தங்கை 1990இல் அதே ராமேஸ்வரத்துக்குப் படகில் வந்து இறங்கினார், அகதியாக. இரண்டு பேருக்கும் நடுவே கடல் மாறவில்லை, ஊர் மாறவில்லை, தாத்தா மாறவில்லை. காகிதம் ஒன்று காலாவதி ஆகியிருந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் காகிதத்தைப் பற்றி.

முதலில் தாத்தா போன கதை. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி இந்த மண்ணில் இன்னும் பேச்சு உண்டு. பழைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881 கணக்கில் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போயிற்று. செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பலர் கிளம்பினார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகள்தான் சிலோன் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் காடுகள். பஞ்சம் முடிந்த பிறகும் ஆள் பிடிப்பது நிற்கவில்லை. ஆள் பிடிக்கும் கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கூட்டிப் போவார். கடன் கணக்கை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு அவர் மடியில் இருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டத்துரை துண்டுக் கடனை அடைத்தாக வேண்டும். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. மண்டபத்தில் முகாம் வைத்து, தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்றைக்கு யாரும் யாரிடமும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே ராஜாவுடைய சொத்து. வீட்டுக்குள் முன் அறையிலிருந்து பின் அறைக்குப் போகிற மாதிரிதான் சட்டத்தின் கண்ணுக்கு.

1931இல் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டத்தில், ஐந்து வருஷம் நிலையாகக் குடியிருந்தவர்களுக்கு ஓட்டுக் கிடைத்தது. 1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசு கூலி ஆட்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு புதிதாகப் போனவர்கள் கொஞ்சம். ஆக 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது தோட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பகுதி அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓட்டும் போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்த ஏழுதான் கண்ணை உறுத்தியது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1948இன் 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜை ஆக வேண்டுமானால், அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருக்கு அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். கூடியிருக்கும் உங்களில் எத்தனை பேரால் கொள்ளுத் தாத்தாவின் பிறப்புச் சான்றைக் காட்ட முடியும்? என்னால் அவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. அடுத்த வருஷமே இன்னொரு சட்டம் வந்தது, குடியிருப்பைக் காட்டிப் பிரஜையாக விண்ணப்பிக்கலாம் என்று. கல்யாணமானவருக்கு 7 வருஷம், ஆகாதவருக்கு 10 வருஷம் தொடர்ச்சியான வாசம் வேண்டும். அந்தத் தொடர்ச்சியில்தான் பொறி. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சிக்குக் கல்யாணம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு என்று வந்தவர் ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் வாசம் அறுந்துபோகும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆட்களாக, அதே லயத்தில், ஆள் கணக்கெடுக்கும் அதே பிரட்டுக்களத்தில், மறுநாள் காலையில் வேலைக்குப் போய் நின்றார்கள். ஓட்டையும் 1949இல் பறித்துக்கொண்டார்கள்.

இந்தியா அவர்களைத் தன்னுடைய ஆட்கள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்து வளர்ந்த நாடுதான் ஏற்க வேண்டும் என்பது நேருவின் நிலை. நியாயமான நிலை என்று இன்றும் நினைக்கிறேன். 1954இல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் பேசிச் செய்த ஒப்பந்தம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. நேரு காலமான வருஷமே, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, டெல்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிப்பார்கள், கிணற்றில் முறைத் தண்ணீரைப் பிரிப்பார்கள், பனைமரத்தைக்கூட எண்ணிப் பிரிப்பார்கள். பட்டியில் நிற்கும் ஆட்டைப் பிரிக்கும்போது ஆட்டைக் கேட்பதில்லை. 1964இல் நடந்தது அதுதான். பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஜனங்களை அவர்களைக் கேட்காமல் தலை எண்ணிப் பிரித்தார்கள். அந்த ஜனங்களின் பெரிய தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவருடைய சம்மதம் வேண்டும் என்று இரண்டு தலைநகரங்களும் கருதவும் இல்லை.

விகிதத்தைப் பாருங்கள். 5,25,000க்கு 3,00,000. சுருக்கினால் ஏழுக்கு நாலு. இது வெறும் கணக்கு இல்லை, நிறைவேற்றும் முறையே இதுதான். ஏழு பேர் இந்தியர் ஆனால்தான் அங்கே நாலு பேர் இலங்கையர் ஆகலாம். 1967இல் இலங்கையில் டட்லி சேனநாயக்க அரசின் சட்டத்தில், இந்தியா குடியுரிமை கொடுத்தால் போதும் என்று இருந்தது. சிறிமாவோ திரும்ப ஆட்சிக்கு வந்ததும் 1971இல் அதையும் மாற்றினார்கள்: ஏழு பேர் உடம்போடு கப்பல் ஏற வேண்டும், பிறகுதான் அந்த நாலு. உங்கள் பக்கத்து லயத்துக் குடும்பம் கிளம்பினால்தான் உங்களுக்குக் காகிதம் வரும். உறவுக்காரன் எப்போது போவான் என்று உறவுக்காரனே எதிர்பார்க்கும்படி செய்த ஏற்பாடு. இதைவிடக் கொடுமையான ஒரு ஷரத்தை எந்தப் பத்திரத்திலும் நான் கண்டதில்லை.

விண்ணப்பம் கேட்டபோது ஜனங்கள் தங்கள் மனசைச் சொன்னார்கள். இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டும் என்றவர்கள் ஒதுக்கிய மூன்று லட்சத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்குச் சேர வேண்டிய 6 லட்சத்தில் கடைசிவரை விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர்தான். குறைந்துபோன அந்த 94,000 பேருக்கு 1986இல் இலங்கையே குடியுரிமை கொடுக்க வேண்டி வந்தது. ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஓட்டு இல்லாமல், சீண்டல் பொறுக்காமல், 'கள்ளத்தோணி' என்ற வசவு பொறுக்காமல், எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் வந்த பட்டினி பொறுக்காமல் வந்தவர்கள் ஏராளம். அக்காவின் புருஷன் வீட்டார் அப்படி வந்தவர்கள்தான்.

விண்ணப்பத்தில் பூர்வீக ஊரை எழுத வேண்டும். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் அதைக் கேட்பார்கள். இந்த அக்கா தங்கை வீட்டுப் பழைய காகிதத்தில் 'திருச்சி ஜில்லா, நாமக்கல் தாலுக்கா' என்று இருந்தது. எழுதியவர் தவறு செய்துவிட்டார், நாமக்கல் சேலம் ஜில்லா அல்லவா என்று இங்கே ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்களாம். தவறு இல்லை. நாமக்கல் தாலுக்கா 1910இல் திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு 1929இல் திரும்பவும் சேலத்துக்கு வந்தது. தாத்தா கிளம்பியது அந்த இடைவெளியில். 1997இல் நாமக்கல்லே தனி மாவட்டம் ஆகிவிட்டது. நகராமல் ஒரே இடத்தில் இருந்த ஊரே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது, நகர்ந்த மனிதரின் காகிதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கப்பல் ஏற வேண்டிய தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோச்சி என்றால் ரயில். ஸ்டேஷன்தோறும் ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் வந்த பெயர். பிரிந்தது அண்டை வீட்டார் மட்டுமில்லை. மணமான மகள் புருஷன் விண்ணப்பத்தில் இருப்பாள். பெற்றவர்கள் வேறு விண்ணப்பத்தில், வேறு நாட்டில். இந்த அக்காவுக்கு நேர்ந்தது அதுவே. புருஷன் வீட்டுக் காகிதம் முன்னால் வந்தது, அவர் கப்பல் ஏறினார். அப்பா பெயரில் போட்ட விண்ணப்பத்தில் அம்மா, தங்கை, தம்பி. அதற்குப் பதில் வரவில்லை.

வந்தவர்களுக்கு இங்கே என்ன கிடைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைக் காட்டி வியாபாரக் கடன் வாங்கலாம். மலையில் வேலை வேண்டும் என்றால் நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இருந்தன, பின்னாளில் டான்டீ ஆனவை. பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் திரும்பியவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவரிடம் வியாபாரக் கடனைக் கொடுத்து மளிகைக் கடை வை என்றால், எத்தனை நாள் கடை ஓடும்? அக்காவின் புருஷன் கெட்டிக்காரர். கடையே வைக்கவில்லை, கடனில் இந்த அஞ்சு சென்ட்டை வாங்கிப் போட்டுவிட்டு ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். அப்படிச் செய்யாதவர்கள் பலர் கடனையும் தின்று, மலையேறிப் போனார்கள். நீலகிரியில் தங்கியவர்களுக்கும் வீடு வேலையோடு ஒட்டியது. பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய் என்ற பேச்சு 2022இல்கூட எழுந்தது. குடியுரிமை கிடைத்த பிறகும் குடியிருக்கும் உரிமை சம்பளச் சீட்டோடு முடிந்துபோகிறது.

இப்போது காகிதம் காலாவதி ஆன கதைக்கு வருகிறேன். ஒப்பந்தத்தின் காலம் 1981 அக்டோபரோடு முடிந்தது. 1982இல், இனி அந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டாது என்ற நிலைக்கு இந்தியா வந்தது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம். அதற்கடுத்துக் கப்பலும் நின்றது. 1964இல் கையெழுத்தான இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோதுகூட, ராமேஸ்வரத்துக்கு மாற்றிக் கப்பலை ஓட்டினார்கள். புயலால் முடியாததைக் கலவரம் செய்தது. தங்கையின் குடும்பம் தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்கு ஓடியது. அங்கே யுத்தம் துரத்தியது. 1990இல் படகு.

ராமேஸ்வரத்தில் இறங்கியவரை மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவின் கழுத்தில் தகர வில்லை கட்டிய அதே மண்டபம். அங்கிருந்து பரமத்தி. தாத்தா புறப்பட்ட கிராமத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம்.

அந்தத் தங்கையை இலங்கைச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். தாத்தா இலங்கையில் பிறக்கவில்லை, ஆகவே அப்பா பிரஜை இல்லை, ஆகவே இவரும் இல்லை. இந்தியச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். நம் அரசியல் சாசனத்தின் 8ஆவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியைத் தாத்தா பாட்டி வரைக்கும் தேடிப் போகிறது. இன்று நடப்பில் உள்ள குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவோ பெற்றோரோடு நின்றுவிடுகிறது. அவரோ, அவருடைய அப்பா அம்மாவில் ஒருவரோ இந்திய மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இவருடைய அப்பா தோட்டத்தில் பிறந்தவர். ஒரு நாடு கொள்ளுத் தாத்தா வரை கேட்கிறது, இன்னொரு நாடு அப்பாவோடு முடித்துக்கொள்கிறது. இரண்டு அளவுகோலுக்கும் நடுவே ஒரு குடும்பம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தை மூடத்தான் 1964 ஒப்பந்தம் இருந்தது. அது போனதும் பள்ளம் திறந்துகொண்டது.

இலங்கை தன் பங்குக்கு 1988இலும் 2003இலும் சட்டம் இயற்றி, நாடற்றவர்களாக அங்கே மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2003 சட்டத்தில் 'நிரந்தரமாக இலங்கையில் வசித்தவர்' என்ற சொல் இருந்ததால் இந்திய முகாம்களில் இருந்தவர்கள் வெளியே நின்றார்கள், 2009இல் திருத்தினார்கள். முப்பது வருஷம் பரமத்தியில் இருந்துவிட்டு, பேரப்பிள்ளைகளை நாமக்கல் பள்ளிகளில் சேர்த்துவிட்டு, எந்தத் தோட்டத்துக்குத் திரும்பிப் போவது என்று தங்கை என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உலகத்தில் இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. பர்மாவில் நே வின் ஆட்சிக்கு வந்த பிறகு கடையும் நிலமும் தேசியமயமாகி, கையை வீசிக்கொண்டு கப்பலேறிய தமிழர்கள் லட்சத்துக்கும் மேல். அங்கே 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் 1823ஐக் கோடாகப் போட்டு, அதற்கு முன் குடியேறிய இனமா என்று கேட்டது.  பிரிட்டனில் 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் போய் இறங்கிய கரீபியத் தீவுக்காரர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே இறங்கினார்கள். அதே 1948, கவனியுங்கள். அறுபது எழுபது வருஷம் கழித்து, நீ குடியிருக்கும் உரிமைக்குக் காகிதம் காட்டு என்றார்கள். அவர்கள் வந்து இறங்கிய தேதியைக் காட்டும் பழைய வருகைச் சீட்டுகளை 2010இல் உள்துறையே அழித்துவிட்டிருந்தது.

இதற்கு எதிர் உதாரணமும் அதே பிரிட்டனிலிருந்துதான். 2020 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபோது, அங்கே குடியிருந்த போலந்துக்காரர், ருமேனியாக்காரர் கதியும், ஸ்பெயினில் வீடு வாங்கித் தங்கிய பிரிட்டிஷ் கிழவர் கிழவிகள் கதியும் என்ன என்று கேள்வி வந்தது. விலகல் ஒப்பந்தத்தின் இரண்டாம் பாகம் முழுக்க அந்த மனிதர்களைப் பற்றியது. அந்த வருஷக் கடைசிக்குள் குடியிருந்தவர் தொடர்ந்து குடியிருக்கலாம். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் நிலையான உரிமை. ஐந்து வருஷம் ஆகாதவர் இரண்டாம் முறை விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை போய்விடும் என்று அரசு விதி செய்தபோது, 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றது. குறைகள் உண்டு. ஆனால் தலை எண்ணிப் பிரிக்கவில்லை. யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே இருக்கட்டும் என்று தொடங்கினார்கள்.

அப்படித் தொடங்கச் சர்வதேசச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்றால், இல்லை. ஒப்பந்தங்களின் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 70ஆவது பிரிவு, ஒரு ஒப்பந்தம் முடிந்தாலும் அதன் மூலம் ஏற்கனவே உண்டான உரிமைகள் போகாது என்கிறது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். பிறகு இன்னொரு தரம் படித்தேன். உரிமை 'தரப்பினருக்கு'. தரப்பினர் என்றால் அரசுகள். நம் தங்கை தரப்பினர் இல்லை.

என் அலுவலகத்துக்குத் திரும்பலாம். தான செட்டில்மென்ட் எழுத முடியாது என்று அந்த இருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே மனை வாங்கவோ தானமாகப் பெறவோ கூடாது. ஐந்து வருஷத்துக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் வழி உண்டு. "இலங்கைக் குடிமகளா? அவங்க என்னை ஒரு நாளும் அப்படிச் சொல்லலியே சார்" என்றார் தங்கை. அக்காவுக்குக் கோபம். "என் கூடப் பொறந்தவளுக்கு என் இடத்துல ஒரு மூலை குடுக்க நான் யார்கிட்டக் கேக்கணும்?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தங்கை கேட்டார், பாதி விளையாட்டாக: "ஏன் சார், பத்திரமே வேண்டாம். நான் பேசாமப் போய் அந்த மூலையில குடிசை போட்டு உக்காந்துக்கிட்டா, பன்னெண்டு வருஷத்துல பாத்தியம் வந்துருமாமே?"

முகாமில் இருந்தாலும் நாட்டு நடப்புத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னது எதிரிடை அனுபவம். 1963 காலவரையறைச் சட்டம். அடுத்தவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் ஏறி, ஊரறிய, விடாமல், உடையவருக்கு எதிராகவே 12 வருஷம் அனுபவித்தால் உடையவரின் உரிமை மடிந்துபோகும். அரசு நிலமானால் 30 வருஷம். நீதிமன்றங்கள் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு, சட்டத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். நம் குடியுரிமைச் சட்டத்தில் இயல்புரிமை பெற எத்தனை வருஷம்? விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம், அதற்கு முந்தைய 14 வருஷத்தில் 11 வருஷம். கூட்டினால் அங்கேயும் பன்னிரண்டு. நிலத்துக்கும் பன்னிரண்டு, குடியுரிமைக்கும் பன்னிரண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். நில வழக்கில், அனுமதி இல்லாமல் வந்ததுதான் தகுதி. குடியுரிமையில், அனுமதி இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. நாற்பது வருஷம் ஆனாலும் அவருக்கு ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது.

இப்போது முகாமுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். ஊரறிய இருந்தாரா? முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, போலீஸ் கியூ பிராஞ்சிடம் இருக்கிறது. விடாமல் இருந்தாரா? பணக்கொடை கொடுக்கும் நாளில் மாதம் தவறாமல் வருவாய்த் துறையே கையெழுத்து வாங்கியிருக்கிறது. இதைவிடச் சுத்தமான அனுபவ ஆதாரம் என் கட்சிக்காரர் எவரிடமும் இருந்ததில்லை. இங்கே அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து சொல்வார்: ஐயா, அவர்கள் எங்கள் அனுமதியின் பேரில், எங்கள் இரக்கத்தின் பேரில் இருக்கிறார்கள், அனுமதியின் பேரில் இருப்பவருக்கு எதிரிடை அனுபவம் வராது. சரியான வாதம். நானே எத்தனையோ வழக்கில் அதைச் சொல்லி ஜெயித்திருக்கிறேன். அப்படியானால், அனுமதியின் பேரில் இருப்பவர் சட்டவிரோதக் குடியேறி எப்படி ஆவார்? அனுமதி உண்டு என்றால் பன்னிரண்டைக் குடியுரிமைச் சட்டத்தில் எண்ணுங்கள். அனுமதி இல்லை என்றால் நிலச் சட்டத்தின் நியாயத்தையாவது கொடுங்கள். நிலத்துக்கு ஒரு வாதம், மனுஷருக்கு ஒரு வாதம் என்று இரண்டு கையிலும் லட்டு வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் நாடு தாங்குமா என்று இந்தக் கூட்டத்திலேயே யாராவது கேட்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா சத்திரமா என்ற பொருளில் நீதிபதி ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சத்திரத்துக்கு வந்தவர் வேறு, சத்திரம் கட்டிய குடும்பத்தின் பேத்தி வேறு. நான் பேசுவது இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு 'இவர்கள் நம்மவர்கள்' என்று எண்ணி எடுத்துக்கொண்ட தொகையில் விடுபட்ட ஆட்களைப் பற்றி.

நீதிமன்றங்கள் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகின்றன. 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சி முகாமில் இருந்த, தோட்டங்களிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், இவர்களைச் சாதாரண சட்டவிரோதக் குடியேறிகளைப்போலக் கருதக் கூடாது, விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதே வருஷக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்ற விதியைக் காட்டி நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். நம் தங்கையின் மகன் 1992இல் பரமத்தியில் பிறந்தவன். அந்தத் தேதிக்கு ஐந்து வருஷம் பிந்திவிட்டான். லாரி பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான். இங்கே கட்டும் லாரிகள் நேஷனல் பர்மிட்டில் காஷ்மீர் வரை போகின்றன. இவன் வெளியூர் போய்த் தங்க வேண்டும் என்றால் முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகள் கட்டத் தொடங்கியது. நல்ல வீடுகள். 2025 செப்டம்பரில் மத்திய அரசின் விலக்கு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9க்கு முன் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்றது. தண்டனை இல்லை என்பது ஒரு படி. குடியுரிமை அதற்கு மேல் இன்னும் எத்தனை படியோ. இதிலும் ஒரு தேதி, பார்த்தீர்களா. 1948 நவம்பர் 15, 1964 அக்டோபர் 30, 1987 ஜூலை 1, 2015 ஜனவரி 9. ஜாதகக்காரர் கூட இத்தனை தேதி கேட்க மாட்டார்.

அந்த ஆணை வந்த வாரம் தங்கை போன் செய்தார். "சார், இப்பவாவது அந்தப் பத்திரத்தை எழுதிறலாமா?" என்றார். அவசரப்பட வேண்டாம் என்றேன். அக்காவுக்கு எழுபது வயதாகிறது, முழங்கால் வலி; அவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பது இவர் கவலை. வரைவு என் அலமாரியில் இருக்கிறது. கொடுப்பவர் பெயர், சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் டைப் ஆகிவிட்டன. பெறுபவர் இன்ன நாட்டுக் குடிமகள் என்று எழுத வேண்டிய இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். இதற்கிடையில் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்டு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்று உத்தேசம். அதன் விதிமுறைகள் தெரிந்தவர்கள் இந்தச் சபையில் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்பது மணி பரமத்தி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களும் இங்கே இருக்கிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.